தோண்டுவதற்கு முன்

(கல்லூரியின் நூற்றாண்டுக் கொண்டாட்டங்களின்போது பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை, மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது.)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போனவர்கள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டபோது, நீரிழிவு பற்றியோ முழங்கால் வலி பற்றியோ பேச்சு இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை இரண்டையும் தேநீர் நேரத்தில் தனியாகப் பார்த்துக்கொள்வோம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட நோயாளி வேறு. பழைய துலாக்கிணற்றுக்குக் கிழக்கே, மைதானத்தின் ஓரத்தில், நூற்றாண்டு நிதியைக் கொண்டு மூன்று மாடி ஆய்வுகூடம் எழும்பப் போகும் அந்த அரைப் பரப்பு நிலம்தான் அது.

அந்த நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், "கல்தானே" என்ற பதில் உடனே வரும். கல்தான். ஆனால் எங்கள் குடாநாட்டின் கல் சுண்ணக்கல். மழைநீர் அதை மெல்ல மெல்லக் கரைக்கும். கரைந்த இடத்தில் வெடிப்பு வரும், வெடிப்புப் பெருத்துக் குகையாகும், குகையின் கூரை இடிந்தால் நிலாவரை போன்ற ஒரு நீர்நிலை உண்டாகும். சுற்றுலா போய் நிலாவரையை எட்டிப் பார்த்த நாம், ஊரெழுப் பொக்கணையையும் கீரிமலைக் கேணியையும் அறிந்த நாம், அதே கல்லின்மேல்தான் எங்கள் கல்லூரியும் நிற்கிறது என்று அவ்வளவாக நினைப்பதில்லை. நாம் கட்டடம் எழுப்பப் போகும் நிலம் இன்னும் இடியாத ஒரு குகையின் கூரையாகவும் இருக்கலாம். இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. பார்க்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறோம்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலம் பார்ப்பவரை அழைக்கலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் காட்டிய இடங்களில் தண்ணீர் வந்தது உண்மைதான். எங்கள் பகுதியில் அவர் காட்டாத இடங்களில் தோண்டினாலும் பெரும்பாலும் தண்ணீர் வரும். ஆகவே இந்த வேலையை அவரிடம் விட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நிலத்தைப் பற்றிப் பேச வைத்தியர்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். உடம்பைத் திறக்காமல் உள்ளே பார்க்க நாங்கள் பயன்படுத்தும் பௌதிகமும், நிலத்தைத் தோண்டாமல் உள்ளே பார்க்கப் புவிப்பௌதிகவியலாளர் பயன்படுத்தும் பௌதிகமும் பெரும்பாலும் ஒன்றே. எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருத்தி இன்று கனடாவில் ஈர்ப்புமானியோடு காடு மேடெல்லாம் அலைகிறாள். இந்த உரையின் கணக்குகளை அவள் ஒருமுறை பார்த்துத் தந்தாள்.

நிலத்தைத் தோண்டாமல் பார்க்கும் வழிகள் பல. அவற்றில் மூன்று, நிலம் தானாகவே தருவதை வாங்கி அளப்பவை: அதன் காந்தம், அதன் ஈர்ப்பு, அதன் கதிர்ப்பு. நிலத்துக்குள் நாம் எதையும் அனுப்புவதில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது போன்ற பரிசோதனைகள் இவை.

முதலில் காந்தம். இதில் எங்கள் வகுப்புக்கு ஒரு தனி உரிமை உண்டு.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பௌதிக ஆய்வுகூடத்தில் இருந்தவை சட்டக்காந்தங்களும் இரும்புத் தூளும் ஒரு திசைகாட்டியும்தான். வீட்டில் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தோம். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கில் படித்தோம். காந்தம் ஒன்று கம்பிச்சுருளுக்குள் சுழன்றால் மின் பிறக்கும் என்ற பாடம் எங்களுக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த பாடமல்ல. தோள்மூட்டில் வலியாக அறிந்த பாடம்.

புவியின் காந்தப்புலத்தை அளக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் புரோத்தன் காந்தமானியின் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? ஒரு போத்தல், அதற்குள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் அல்லது அதுபோன்ற ஒரு திரவம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். எங்கள் விளக்கும் எங்கள் டைனமோவும் சேர்ந்தது போல என்று அந்தத் தோழி எழுதியபோது நாங்கள் சிரித்தோம். மண்ணெண்ணெயில் ஐதரசன் நிறைய உண்டு. ஐதரசனின் கரு ஒரு புரோத்தன். ஒவ்வொரு புரோத்தனும் ஒரு குட்டிக் காந்தம். சுருளில் ஓரிரு செக்கன் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அவற்றில் சிறு பகுதி சுருளின் திசையில் அணிவகுக்கும். மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால், அணிவகுத்தவை புவியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரம் தலையாட்டுவது போல ஆடத் தொடங்கும். ஆடுகின்ற அந்தக் குட்டிக் காந்தங்கள் அதே சுருளில் மிக மெல்லிய ஒரு மின்னலையை உண்டாக்கும். எங்கள் பகுதியில் புவியின் புலம் ஏறக்குறைய 40,000 நனோதெஸ்லா. அந்தப் புலத்தில் புரோத்தன் செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 தடவை ஆடும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்டால், தேயும் விசில் போல ஒரு ஓசை. ஓசையின் சுருதியை அளந்தால் புலம் தெரியும். ஒரு நனோதெஸ்லா மாற்றத்தைக்கூட, அதாவது 40,000இல் ஒரு பங்கை, கருவி சொல்லிவிடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு நீங்கள் படுக்கும்போதும் இதுவேதான் நடக்கிறது. உங்கள் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன்தான் அங்கே மண்ணெண்ணெய். 1.5 தெஸ்லா இயந்திரத்தின் புலம் எங்கள் பகுதிப் புவிப்புலத்தைப்போல ஏறக்குறைய 37,000 மடங்கு. ஆகவே அங்கே புரோத்தன்கள் செக்கனுக்குச் சுமார் 64 மில்லியன் தடவை ஆடுகின்றன, காதுக்குக் கேட்காது. நீங்கள் கேட்கும் அந்தத் தடதடச் சத்தம் வேறு சுருள்களின் அதிர்வு. மருத்துவத்தில் கண்டுபிடித்ததைத்தான் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்தியர்களாகிய எங்களுக்குள் ஒரு பெருமிதம் உண்டு. இங்கே அது செல்லாது. பக்காட், வேரியன் என்ற இருவர் புவிப்புலத்தில் புரோத்தன்களின் இந்த ஆட்டத்தை அளந்த செய்தியை வெளியிட்டது 1954இல். லாற்றர்பர் முதல் காந்த ஒத்ததிர்வுப் படத்தை வெளியிட்டது 1973இல். மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்களுக்கு 19 வருடம் மூத்தது.

ஸ்கான் அறை வாசலில் தாலிக்கொடியில் கோத்திருக்கும் சேப்டிப் பின்களைக் கழற்றச் சொல்லி நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். காந்த அளவை செய்பவரும் அப்படியே. திறப்புக் கோர்வை, தலைக் கிளிப், இடுப்புப் பட்டியின் கொளுக்கி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் அளப்பது தன்னையே.

இந்தக் கருவி நம் மைதானத்தில் என்ன பார்க்கும்? சுண்ணக்கல் காந்தத்துக்கு ஏறத்தாழ ஊமை. ஊமை நிலத்தில் இரும்பு உரக்கப் பேசும். கட்டடத்தின் முறுக்குக் கம்பி, கைவிட்ட நீர்க்குழாய், பழைய கூரைத் தகடு எல்லாம் தெரியும். நாங்கள் முக்கியமாக நினைப்பது வேறொன்று. இந்தச் சுற்றுவட்டத்தில் விழுந்தவை எல்லாம் வெடித்தவை அல்ல. வைத்தியசாலையில் வேலைசெய்த எங்களில் எவருக்கும், யுத்தம் ஓய்ந்து பல வருடங்களுக்குப் பின் மண்வெட்டி பிடித்த கையோடு கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அத்திவாரம் வெட்ட இயந்திரம் இறங்குவதற்கு முன் அந்த நிலத்தைக் காந்தமானி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சிறிய இரும்புப் பொருளின் காந்தக் குரல் தூரத்தோடு வேகமாகத் தேயும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். ஆகவே அகன்ற இடைவெளி விட்டு நடப்பதில் பயனில்லை. நெருங்கிய கோடுகளில், தரையை ஒட்டி நடக்க வேண்டும். ஏதாவது தென்பட்டால் தொடுவதற்கு உரியவர்கள் கண்ணிவெடி அகற்றும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே. நாமும் அல்ல, மேசனும் அல்ல.

காந்தத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் நம் தீவையும் ஒட்டிப் போகிறது. அதனால்தான் 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தெரிவுசெய்தது. இங்கே காந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஐரோப்பாவில் அது மூக்கை நிலத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கும். இதன் விளைவு என்னவென்றால், அங்கே புதைந்த இரும்புத்தாதுக்கு மேலே அளவீடு ஏறும். இங்கே அதே தாதுக்கு மேலே அளவீடு பெரும்பாலும் இறங்கும். 1971இல் திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் செம்புத்தாதோடு கண்டறியப்பட்ட மக்னற்றைற்றின் மேல் போய் நின்று மேடு தேடினால், பள்ளத்தைக் கண்டு திரும்பிவிடுவோம். இன்னொன்று, நண்பகலில் எங்கள் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் காலையிலிருந்து மதியத்துக்குள் புலம் 100 நனோதெஸ்லா அளவில்கூட மாறிவிடும். ஆகவே ஒரு கருவி நடக்கும்போது இன்னொரு கருவி ஓரிடத்தில் அசையாமல் நின்று நாளின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளக்க வருபவர் ஒரே கருவியோடு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குகையைக் காந்தம் காட்டாது. வெறுமைக்குக் காந்தம் இல்லை, சுண்ணக்கல்லுக்கும் இல்லை. இரண்டும் அதற்கு ஒன்றே. குகைக்கு ஈர்ப்பைத்தான் கேட்க வேண்டும்.

ஈர்ப்புமானி என்பது, நாம் ஒன்பதாம் வகுப்பில் பயன்படுத்திய விற்றராசின் மிக மிக நுண்ணிய வடிவம். ஒரே திணிவு, ஒரு வில். இடத்துக்கு இடம் அந்தத் திணிவின் நிறை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஈர்ப்பு எங்கும் ஒன்றல்ல. நடுக்கோட்டுக்கு அருகே குறைவு, முனைகளை நோக்கி அதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து விற்றராசு ஒன்றையும் லண்டனுக்குக் கூடவே கொண்டுபோனால், 60 கிலோ காட்டியவர் அங்கே ஏறக்குறைய 190 கிராம் கூடுதலாகக் காட்டுவார். லண்டனிலுள்ள அக்காமார் இந்த 190 கிராமை எங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மீதிக்கு நாங்கள் பொறுப்பல்ல.

இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு அவ்வளவு குறைவு. அங்கே கடல்மட்டம், புவியைச் சீரான ஒரு நீள்கோளமாக எடுத்தால் இருக்க வேண்டிய மட்டத்தைவிட 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு அது பள்ளமாகத் தெரியாது. நீர் தனக்குச் சமமான மட்டத்தில்தான் நிற்கிறது. ஒல்லாந்து நாட்டு வெனிங் மைனஸ் 1948இல் இதைக் கண்டறிந்தார். ஏன் அப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் வந்தன. 2023இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவன ஆய்வாளர் இருவர், மென்மூடியில் எழும் சூடான, அடர்த்தி குறைந்த பொருளைக் காரணமாகக் காட்டினர். ஓர் அளவீடு, அதற்குப் பல விளக்கங்கள். இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

மைதானத்துக்கு வருவோம். ஈர்ப்பை அளக்கும் அலகு கலிலியோவின் பெயரால் வந்த கல். எங்கள் ஊரில் ஈர்ப்பு ஏறக்குறைய 978 கல். கல்லை அளக்கவும் கல்தானா என்று தமிழ் ஆசிரியை கேட்கக்கூடும், அது தற்செயல். அதில் மில்லியனில் ஒரு பங்கு மைக்ரோகல். ஒரு கணக்குப் பார்ப்போம். விட்டம் 6 மீற்றர் உள்ள ஒரு கோள வடிவக் குகை, அதன் மையம் 5 மீற்றர் ஆழத்தில், உள்ளே காற்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள சுண்ணக்கல்லின் அடர்த்தியை கன சென்றிமீற்றருக்கு 2.3 கிராம் என்று எடுத்தால், குகைக்கு நேர் மேலே ஈர்ப்புக் குறைவது ஏறக்குறைய 70 மைக்ரோகல். அதாவது 14 மில்லியனில் ஒரு பங்கு. எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் அவ்வளவு ஆழத்தில் இல்லை. குகையில் நீர் நிறைந்திருந்தால் குறைவது 40 மைக்ரோகல்லுக்குள் வந்துவிடும். ஒரு வகுப்பறையையே விழுங்கக்கூடிய வெறுமை நிலத்தின் மேலே காட்டும் அடையாளம் இவ்வளவுதான். ஆயினும் நல்ல கருவி அதைப் பிடிக்கும்.

கருவி பிடிக்கும், மனிதர் தவறவிடக் கூடாது. கருவியை 10 சென்றிமீற்றர் உயர்த்தி வைத்தாலே 30 மைக்ரோகல் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மட்டமானியால் மில்லிமீற்றர் கணக்கில் எடுக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் கடலை இழுப்பது போலக் கருவியின் திணிவையும் இழுக்கும். அது மட்டுமே நாளுக்குள் 200 மைக்ரோகல்லையும் தாண்டலாம். வில் தானே சிறிது சிறிதாகத் தளரும். அருகிலுள்ள பழைய மண்டபமும் தன் பங்குக்கு இழுக்கும். காற்றில் பனைமரம் ஆடினால் வேர் வழியாக நிலம் நடுங்கும். இவை எல்லாவற்றையும் கழிப்பதற்காக, அளப்பவர் மணிக்கு ஒரு தடவையாவது தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மீண்டும் அளப்பார். விடுதியில் தாதியர் காலையில் எடுத்த குருதியமுக்கத்தோடு மாலை அளவை ஒப்பிடுவது போல. எங்கள் தோழி சொல்கிறாள், தன் வேலையில் பாதி அளப்பது, மீதி கழிப்பது என்று. அவள் கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் என்பதை அவளுடைய வகுப்பினர் மறக்கவில்லை.

மூன்றாவது கதிர்ப்பு. கட்டடத்துக்கு இதனால் பெரிய உதவி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காமாக் கதிர் மண்ணில் அரை மீற்றருக்குக் கீழிருந்து மேலே வந்து சேராது. அது நிலத்தின் தோலை மட்டும் பார்க்கும். பொற்றாசியம், யுரேனியம், தோரியம் என்ற மூன்றும் தத்தம் சக்தியோடு காமாக் கதிர் விடுவதால், எந்த மண்ணில் எது எவ்வளவு என்று பிரித்துக் காண முடியும். அந்த அளவைக் கருவியின் உள்ளே இருக்கும் சோடியம் அயடைட்டுப் பளிங்குதான், தைரொயிட்டுக் கழலைக்கு நாங்கள் எடுக்கும் அணுமருத்துவ ஸ்கான் கருவியிலும் இருக்கிறது.

கதிர்ப்பைப் பற்றி இங்கே பேசுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம்மவர் ஒருவர். ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகவே எல்லோருக்கும் தெரியும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் தலைவராகப் பொறுப்பேற்றவர். சப்ரகமுவவின் ஆற்று மண்ணில் அவர் கண்டெடுத்த கறுத்த, பாரமான, கதிர்த்தொழிற்பாடுள்ள சிறு கனசதுரங்கள் 1904இல் புதிய கனியமாக உறுதிசெய்யப்பட்டன. தோரியம் ஒட்சைட்டே அதில் பெரும்பங்கு. அதனால் தோரியனைற்று என்று பெயர். நடராச வடிவத்தைப் பற்றி உலகுக்கு எழுதிய கை, அதற்கு முன் அரிதட்டில் மண் சலித்த கை. விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா என்று பெற்றாரோடு மல்லுக்கட்டும் தங்கைமாருக்காக இதைச் சொல்கிறோம்.

இரண்டாவது காரணம், பயம். கடற்கரைக் கறுப்பு மணலில் கதிர்ப்பு இருக்கிறதாமே, புற்றுநோய் வருமா என்று கிளினிக்கில் எங்களைக் கேட்காதவர் குறைவு. புல்மோட்டை மணலின் பெரும்பகுதி இல்மனைற்று. கதிர்ப்பு அதோடு சிறிதளவு கலந்திருக்கும் மொனசைற்றில் உள்ள தோரியத்திலிருந்து வருவது. மொனசைற்று நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2009இல் முடிவு வெளியிட்டார்கள். நிலத்துக் காமாக் கதிர்ப்புக் கூடிய வீடுகளில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு கதிர்ப்பு எதுவும் செய்யாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நாளும் மொனசைற்றைத் தூசாகச் சுவாசிக்கும் தொழிலாளியின் நிலை வேறு. கருவி 'டிக் டிக்' என்றது என்பதற்காக மட்டும் ஒருவரும் வீட்டை விற்க வேண்டாம். எவ்வளவு, எவ்வளவு காலம் என்று கேளுங்கள். புகையிலை போடுபவரும் சிகரெட் பிடிப்பவரும் கடற்கரை மணலைப் பற்றி எங்களிடம் கேட்கும்போது, எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருவதும் உண்டு.

இனி, முன்பு விட்ட இடத்துக்கு வருகிறோம். ஈர்ப்பு குறைகிறது என்று தெரிந்துவிட்டது. அது குகையா? சிறிய குகை மேலே இருந்தாலும், பெரிய குகை ஆழத்தில் இருந்தாலும், குகையே இல்லாமல் கல்லின் பள்ளம் ஒன்றில் செம்மண் நிறைந்திருந்தாலும், நிலத்தின் மேல் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைப் பெறலாம். இது கருவியின் குறையல்ல; ஈர்ப்பின் கணிதமே அப்படி. ஒரே வளைகோட்டைத் தரக்கூடிய உள்ளமைப்புகளுக்கு எண்ணிக்கை இல்லை. காய்ச்சல் 102 என்றால் டெங்கா, மலேரியாவா, சிறுநீர்த் தொற்றா என்று வெப்பமானி சொல்லாது. அதை வைத்தே மருந்து எழுதும் வைத்தியரிடம் நீங்கள் போக மாட்டீர்கள். ஆனால் வண்ணம் தீட்டிய ஒரு படத்தைக் காட்டி, சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று சொல்பவரிடம் கட்டடத்தை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே செயற்குழுவிடம் எங்கள் வேண்டுகோள் இது. வரைபடத்தில் கையொப்பமிடுவதற்கு முன் நிலத்தைக் காந்தமானியால் பாருங்கள். பின்னர் ஈர்ப்புமானி. அதன் பின், நிலத்துக்குள் மின்னைச் செலுத்தி அதன் தடையை அளக்கும் முறையையும் சேருங்கள். நீர் நிறைந்த வெறுமைக்கும் செம்மண்ணுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அது வேறு கண்ணால் பார்க்கும். மூன்றும் ஓரிடத்தைச் சுட்டினால், அந்த இடத்தில் துளையிடுங்கள். சுட்டாத ஓரிடத்திலும் ஒரு துளை போடுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கருவி சொன்ன இடம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், கருவியை நம்பியதாகத்தான் ஆகும், சோதித்ததாக ஆகாது. ஸ்கானுக்குப் பின் நாங்கள் பயொப்சி எடுப்பது போல. இதற்குச் செலவு உண்டு. முகப்பில் வைக்கவிருக்கும் பளிங்குத் தூண்களைச் சிறிது சிறிதாக்கினால் சமாளிக்கலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து; தூண்களுக்குப் பணம் தருவதாகச் சொன்ன அக்கா கோபிக்கக் கூடாது. குகை ஒன்றுமே இல்லை என்று முடிவு வந்தால், பணம் வீண் என்று யாரும் சொல்லவும் கூடாது. ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்த நாளில் வீட்டுக்குப் போய்க் கோயிலுக்கு அருச்சனை செய்கிறோமே தவிர, காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதில்லை.

அளவை நடக்கும் நாட்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுத் தங்கைமாரை உடன் நடக்க விடும்படி அதிபர் அவர்களிடம் கேட்டிருக்கிறோம், அவர் இணங்கியிருக்கிறார். மட்டமானியைப் பிடிக்கவும் அடிப்புள்ளிக்கு ஓடிவரவும் ஆட்கள் தேவை. அறிக்கையின் ஒரு பிரதியை நூலகத்தில் வைக்க வேண்டும். அடுத்த கட்டடம் கட்டுபவர்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரைப் படிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு சிறு வேலை இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசியில் பெரும்பாலும் ஒரு காந்தமானி உண்டு. திசைகாட்டி அதை வைத்துத்தான் ஓடுகிறது. அதன் அளவீட்டைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். வாகனம், மின்கம்பம், கம்பி வேலி எதுவும் அருகில் இல்லாத ஒரு வெளியில் போய் நில்லுங்கள். தொலைபேசியைக் கையில் பிடித்து எட்டு வடிவில் சிலமுறை ஆட்டி, பிறகு அசையாமல் வைத்துப் பாருங்கள். இங்கே மைதானத்தின் நடுவில் 40 மைக்ரோதெஸ்லாவுக்கு அண்மையில் காட்டும். லண்டனில் 50க்கு அண்மையில், ரொறன்ரோவில் 50க்குச் சற்று மேலே, மெல்பேணில் 60 அளவில் காட்ட வேண்டும். இடம், திகதி, அளவீடு மூன்றையும் எழுதிக் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், தங்கைமார் சுவரிலுள்ள உலகப் படத்தில் குறித்துக்கொள்வார்கள். அளப்பதற்கு முன் கைப்பையையும் திறப்புக் கோர்வையையும் பத்து அடி தள்ளி வைத்துவிடுங்கள்.